நடைவழியில் நின்றது

அந்தத் தெருவில் வைஃபை இல்லாமல் மிச்சமிருந்தது அந்த ஒரு பழைய வீடுதான். மற்ற வீடுகளுக்கெல்லாம் அவனே இணைப்புக் கொடுத்திருந்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளும் ஜனங்கள், நெட் அரை மணி நேரம் நின்றால் போனிலேயே அவனை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். சொந்தப் பெயர் மறந்துபோய், அந்த வட்டாரத்துக்கே அவன் நெட்டுக்காரன் ஆகியிருந்தான்.

சாயங்காலம் மாடியேறிப் போனபோது, கதவைத் திறந்தவள் வேலைக்குக் கிளம்பத் தயாராக நர்ஸ் உடையில் இருந்தாள்.

"இன்னைக்கு நைட் டியூட்டி தம்பி. அதுக்குள்ள முடிச்சிருவீங்கல்ல? பாப்பாவுக்கு அப்பப்ப மூச்சுத் திணறும். தங்கச்சி வந்து பாத்துக்குவா, இருந்தாலும் மனசு கேக்கல. தொட்டில் பக்கத்துல கேமரா வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

"கவலைய விடுங்கக்கா. எனக்கும் வீட்ல கைக்குழந்தை இருக்கு. தெரியாதா என்ன?"

முன்னறையில் ரவுட்டரை மாட்டினான். வேலை மளமளவென்று முடிந்தது. பிறகு வழக்கம்போல, செல்போனில் சிக்னல் அளவைப் பார்த்தபடி வீட்டுக்குள் நடந்தான்.

குழந்தையின் அறை நீண்ட நடைவழியின் கோடியில் இருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. நடைவழியில் காயாத ஈரத்துணியின் வாடை. பாதி தூரத்தில் சிக்னல் சட்டென்று விழுந்தது.

இரண்டடி நகர்ந்தான். ஏறியது. திரும்பி வந்தான். விழுந்தது.

இதெல்லாம் அவனுக்குப் பழகிப்போன சங்கதி. சுவர் மறைப்பதைப் போல ஆள் உடம்பும் சிக்னலை மறைக்கும். என்ன செய்கிறான் என்று வேடிக்கை பார்க்க வீட்டுக்காரர்கள் பின்னாலேயே வந்து நிற்பார்கள். தலையைத் தூக்காமலே அவர்களை விரட்டி விரட்டி அவனுக்கு வாய் பழகியிருந்தது.

முதுகுக்குப் பின்னால் சேலை சரசரத்தது.

"அக்கா, சிக்னலை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அந்த ரூமுக்குள்ள போய் உக்காருங்களேன்."

சரசரப்பு அவனைக் கடந்து போனது. சிக்னல் கிடுகிடுவென்று ஏறியது.

"அவ்வளவுதாங்கா, முடிஞ்சுது" என்றான்.

"முடிஞ்சுதா?"

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. நர்ஸ் கை நிறையக் காய்ந்த துணிகளோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "உங்க தங்கச்சி வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்லையே."

"அப்ப... இங்க நின்னது யாரு?"

துணிகள் அவள் கையிலிருந்து நழுவின. "அதுகிட்ட பேசினீங்களா? என்ன சொன்னீங்க?"

"ரூமுக்குள்ள போய் உக்காரச் சொன்னேன்."

"பாவி! இந்த வீட்டுக்கு வந்த நாளா அது நடைவழியிலதான் நிக்குது. நானும் வேற வீடு தேடிக்கிட்டுதான் இருக்கேன். ஒரு தடவைகூட நிலைப்படி தாண்டினதில்ல. அதை யாரும் உள்ள கூப்பிட்டதில்ல!"

இருவரும் ஓடினார்கள்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

குழந்தையின் கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. நர்ஸ் வாரி எடுக்கப் பார்த்தாள். குழந்தை மேலே வரவில்லை. யாரோ உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருப்பதைப் போல, தொட்டிலோடு கிடந்தது. உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

"என் புள்ளைய விட்டுடு" என்று அவள் கெஞ்சினாள்.

மெத்தை அசையவில்லை.

நெட்டுக்காரன் நாற்காலிப் பக்கம் திரும்பினான். போகச் சொன்னவன் அவன். அவன் சொல்லைத்தான் அது கேட்டது.

"எந்திரிங்க" என்றான் மெதுவாக.

அமுங்கிய மெத்தை எழும்பியது.

"நடைவழிக்குப் போங்க."

ஒன்றும் நடக்கவில்லை. ஈரவாடை மட்டும் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றது. உட்கார இடம் கிடைத்த பிறகு அது எதற்கு இனி நடைவழியில் நிற்கப் போகிறது? குழந்தையின் கால்கள் தொய்ந்தன. யோசிக்க நேரமில்லை.

"என்கூட வாங்க."

குழந்தை வீறிட்டு அழுதது.

கருவிப் பையைக்கூட எடுக்காமல் இறங்கினான். படியில் அவன் காலடி ஒன்று, பின்னால் இன்னொன்று. வண்டியைக் கிளப்பியபோது பின்சீட் மெல்ல அமுங்கியது.

வீட்டுக்குப் போகக் கூடாது என்பதில் அவன் உறுதியாக இருந்தான். எங்கேயாவது இறக்கிவிட வேண்டும். ஆனால் எங்கே? தெருத் தெருவாகச் சுற்றினான். எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது; எல்லாம் அவன் கம்பி இழுத்த வீடுகள். எந்த வீட்டைக் காட்டி இங்கே போ என்று சொல்வது? அதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. விடியும்வரை வாயைத் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்துவிடலாம் என்று நினைத்தான். அதற்கு முன்னால் பெண்டாட்டியையும் பிள்ளையையும் தூரத்திலிருந்தாவது ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

தன் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை.

மாடி ஜன்னலில் அவள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவன் உள்ளே போ, உள்ளே போ என்று பதறிப்போய்க் கையை ஆட்டினான்.

அவள் பார்வை அவனைத் தாண்டிப் பின்னால் போயிற்று.

"யாருங்க அது? வயசானவங்களை இப்படியா தெருவுல உக்கார வெப்பாங்க?" என்று அவனைக் கடிந்துகொண்டு, வாய் நிறையச் சிரித்தாள். "அம்மா, நீங்க மேல வாங்கம்மா!"

பின்சீட் மெல்ல எழும்பியது.