சொல்லித்தராத அடிகள்

மாடியில் ஆறு பெண்கள் நடன ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டின் நடுவே, ஐந்தாம் எண்ணுக்குப் பிறகு, ஆறு பேரும் உள்ளங்கையை முன்னால் நீட்டி வெறுங்காற்றைத் தட்டினார்கள். இரண்டு தட்டு. நிறுத்தம். பிறகு ஒன்று.

படியேறி வந்த மணப்பெண்ணின் அப்பா லக்ஷ்மிநாராயணன் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இது நான் குடுத்த ஸ்டெப் இல்லியே!" கவியா பாட்டை நிறுத்தினாள். ரிசப்ஷன் நடனம் சொல்லித்தரப் புதுப்பட்டினத்திலிருந்து வருபவள். "எவ சேத்தது?"

"நீங்கதான அக்கா சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் மணப்பெண் ஜெயப்பிரியா. "மத்ததெல்லாம் மறந்து பூடுது. இது மட்டும் மறக்க மாட்டேங்குது."

"நானா? நல்லா கீதே கத! கல்யாணப் பொண்ணுக்கு இப்பவே தல சுத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். வரிசையின் நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. யாரும் அதை மிதிக்காமல் சுற்றி ஆடினார்கள்.

அந்தத் தட்டல் அவருக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளுக்கு முன், மேடையேறி ஆடப் போகிறேன் என்று நின்ற மூத்த மகள் ஸ்ரீதேவியை அறைக்குள் தள்ளித் தாழிட்டவர் அவர். அவள் மூச்சிழுப்பு நோய்க்காரி. மருந்து கூடத்து மேஜைமேல் இருந்தது. கதவே அதிரும்படி எழுந்த தட்டல் சிறிது சிறிதாகத் தேய்ந்து, இரண்டு, பிறகு ஒன்று என்றாகி நின்றது. அதுவரை அவர் தாழ்ப்பாளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஊருக்குக் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னார். தாய்வீட்டிலிருந்து ஓடிவந்த மனைவி வசந்தாவுக்கும் அதையே சொன்னார். குடும்பத்தின் பெயர் கெடாமல் நின்றது.

கல்யாணத்துக்கு முன், இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரியாக அழைத்துப் புதுப்புடவை வைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். வசந்தா மஞ்சள் புடவை ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

"இன்னாங்க, நாளைக்குப் பெரியவளுக்குப் படைச்சிடலாமா?"

"மானத்த வாங்கப் பாத்தவளுக்கு இந்த வூட்ல படையல் இல்ல."

புடவையைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்து அவரே பூட்டினார். சாவியை மடியில் முடிந்தபோது, பீரோவுக்குள்ளிருந்து தகரத்தில் மெல்லத் தட்டல் கேட்டது. இரண்டு. ஒன்று.

ரிசப்ஷன் மாமல்லபுரம் போகும் வழியில், கடலை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. உப்புக்காற்றிலும் மல்லிகையிலும் பிரியாணி வாசனையிலும் கலந்து, ஸ்ரீதேவி நெஞ்சில் தடவிவந்த தைலத்தின் நெடி எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. அவர் இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தும் அது கூடவே வந்தது. பாட்டு தொடங்கியது. ஆறு பெண்கள். நடுவில் அதே காலி இடம்.

அது அவளுக்கான இடம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

ஐந்தாம் எண்.

ஆறு கைகளும் காற்றைத் தட்டின. மரக்கதவின் ஓசை எழுந்தது.

ஜெயப்பிரியா சரிந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் முதுகை உரசியபடி, மெல்ல, தரைவரை. வாய் திறந்திருந்தது. மூச்சு விசில் அடித்தது.

"இன்னா ஆக்டிங்டா!" யாரோ கத்தினார்கள். கைதட்டல்.

அவர் ஓடினார். மேடையேறினார். மகளைத் தூக்கக் குனியத்தான் நினைத்தார்.

கால்கள் காலி இடத்தில் போய் நின்றன. சரியாக.

வலக்கை தானாக உயர்ந்தது. விரல்கள் காற்றில் மடங்கின. உள்ளங்கையில் இரும்புத் தாழ்ப்பாளின் குளிர்ச்சி.

"நைனா…" காலடியில் ஜெயப்பிரியா. உதடுகள் நீலம். "தொற நைனா."

இரண்டு தட்டு.

பாட்டு நின்றுவிட்டது. வசந்தா அலறிக்கொண்டு வந்தாள்.

ஒன்று.

அவர் பிடி இன்னும் இறுகியது.