எதிர்வீட்டு இழை

பிற்பகல் மூன்று மணிக்கு, இண்டர்நெட் இணைப்பு கொடுக்க ஃபைபர்காரர் வந்தார். நான் அந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் ஈரச் சுவர் வாடை போகவில்லை. நான்கு மணிக்கு எனக்கு நேர்காணல். ஓராண்டு அலைந்து கிடைத்த முதல் அழைப்பு.

அவர் கம்பத்துப் பெட்டியைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார்.

"எட்டு துளையும் ஃபுல்லும்மா. இனி நாளைக்குத்தான்."

"அண்ணா, நாலு மணிக்கு இண்டர்வியூ. ஏதாவது பண்ணுங்கண்ணா."

தலையைச் சொறிந்தார். "எதிர்வீட்டம்மா போய்ச் சேர்ந்து மூணு மாசமாச்சு. கரண்ட்டையும் கட் பண்ணிட்டாங்க. அவங்க துளையை உனக்குக் குடுத்துடறேன். ஆபீஸ்ல போட்டுக் குடுத்துடாத."

எதிர்வீட்டு இழையைப் பிடுங்கி, அந்த இடத்தில் என்னுடையதைச் செருகினார். தலைமுடிப் பருமனில் ஒரு கண்ணாடி இழை. வீட்டுக்குள் வந்து அதன் மறுநுனியை வெட்டி, துடைத்து, சுவர்ப் பெட்டியில் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"எட்டு வீட்டுக்கும் ஒரே வெளிச்சம்தான் வரும். உனக்குள்ளதை மட்டும் உன் பெட்டி எடுத்துக்கும். பதில் அனுப்பறதுதான் பல் டாக்டர் கிளினிக் மாதிரி. உன் முறை வந்து கூப்பிட்டாதான் வாயைத் திறக்கணும்."

சிரித்தேன். அவர் ஃபோன் அடித்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

"ஆபீஸ்லேருந்து. எதிர்வீட்டுல லைன் போச்சுன்னு கம்ப்ளெயிண்ட்டாம்."

"யாரு குடுத்தாங்க?"

"அந்தம்மாதான்."

ஜன்னல் வழியே பார்த்தோம். பூட்டிய வீடு. கண்ணாடிக்குப் பின்னால், இருட்டில், ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இழையில் வெளிச்சம் வராவிட்டால் அந்தப் பெட்டி அப்படித்தான் எரியும்.

கரண்ட் இல்லாத வீட்டில்.

மணி நான்கு. மடிக்கணினித் திரையில் அதிகாரி வந்துவிட்டார்.

"திருப்பிப் போட்டுடறேம்மா. மன்னிச்சுக்கோ," என்று ஃபைபர்காரர் ஓடினார்.

"பத்து நிமிஷம் பொறுங்கண்ணா!"

அவர் நிற்கவில்லை. கம்பத்தில் ஏணி மோதும் சத்தம் கேட்டது.

என் பெட்டியில் பச்சை அணைந்தது. சிவப்பு எரிந்தது.

எதிர்வீட்டில் சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் திரை உறையவில்லை. அதிகாரி கேள்வி கேட்டார். தலையாட்டினார். எதையோ குறித்துக்கொண்டார்.

யாரோ நன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப சந்தோஷம். வேலை உங்களுக்குத்தான். எப்போ சேர்றீங்க?"

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தேன். திரையின் மூலையில், சின்னச் சதுரத்துக்குள், என் முகம் சிரித்தது.

"நாளைக்கே சேர்ந்துடறேன் சார்."

குரலும் என்னுடையதுதான்.