மேல்வீட்டு நாற்காலி

தையற்காரர் கண்ணை மூடிக் கைகூப்பியதும், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

மேல்வீடு காலி. குடியிருந்தவர்கள் போய் ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. வீட்டுக்காரர் கொடுத்து வைத்த சாவி, தையல் மிஷினுக்கு மேலே ஆணியில்தான் தொங்கியது. எலியாக இருக்கும் என்று நினைத்தார். எலி எப்போதிருந்து நாற்காலியில் உட்காருகிறது என்று மனசு கேட்டது. அதை அதட்டிவிட்டு வேண்டுதலைத் தொடர்ந்தார்.

வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான். மகளுக்கு வலி போக வேண்டும். முதுகெலும்பில் வந்த நோய் அவளை அந்த அறையிலேயே, மிஷினுக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டு வைத்திருந்தது. மனைவி போன பிறகு அவருக்கு இருந்த ஒரே துணை அவள். உறவுக்காரர்கள் வந்து உச்சுக்கொட்டினார்கள், பிறகு போனில் விசாரித்தார்கள், அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள். பேச்சுக்கு ஆளில்லாத வீட்டில் கடவுளிடம்தான் பேசியாக வேண்டியிருந்தது. யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத பெண்ணுக்கு ஏன் இது என்று தினமும் சாயங்காலம் வாய்விட்டே கேட்பார்.

"உங்க சாமிக்குக் காது மந்தம்ப்பா," என்பாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டே. "கொஞ்சம் சத்தமாத்தான் கேளுங்களேன்."

சத்தமாகக் கேட்டார். அன்றிலிருந்து நாற்காலி நகர ஆரம்பித்தது. சமையலறைக்கு மேலே கேட்ட சத்தம், ஒவ்வொரு சாயங்காலமும் கொஞ்சம் கொஞ்சமாக, தரையை உரசிக்கொண்டு, மகளின் கட்டிலுக்கு நேர் மேலே வந்து நின்றது. அவர் குரல் உடைந்து அழும்போது மட்டும் அந்தக் கிறீச்சொலி சுத்தமாக அடங்கிவிடும். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஆறுதலாகவும் இருந்தது. கேட்கிறதற்கு ஒருவராவது இருக்கிறாரே.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் மகளுக்கு வலி வந்தது. இதுவரை வராத வலி. அவள் அலறி ஓய்ந்ததும், மேலேயிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு இறங்கி வந்தது. வயிறாரச் சாப்பிட்டவர் விடுகிற பெருமூச்சு.

சாவியை எடுத்துக்கொண்டு படியேறினார்.

கதவைத் திறந்ததும் ஊறிப்போன சுண்ணாம்பும் பழைய காகிதமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. தரையெங்கும் தூசி, அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் நாற்காலி தெரிந்தது. அதன் முன்னால் ஓரிடத்தில் மட்டும் தூசி இல்லை. குனிந்து பார்த்தார். ஒரு கன்னம் அழுந்திய தடம். அதன் நடுவில் ஒரு காது. அவருடைய இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்தாலும் அந்தக் காதை மூட முடியாது.

தொட்டார். சூடாக இருந்தது.

எப்படிக் கீழே வந்தார் என்று அவருக்கே தெரியாது. மகள் களைத்துத் தூங்கிப்போயிருந்தாள். இனி வேண்டுவதில்லை என்று முடிவு செய்தார். மூச்சுக்கூட மெதுவாக விட்டார். விளக்கைப் போடவும் கை வரவில்லை.

மேலே நாற்காலி கிறீச்சிட்டது.

காத்திருந்தது.

பிறகு ஒரு தட்டல். கட்டிலுக்கு நேர் மேலே. தூக்கத்திலேயே மகளின் முதுகு வில்லாக வளைந்தது. அலறினாள்.

இன்னொரு தட்டல். இன்னொரு அலறல்.

அவர் முழங்காலில் விழுந்தார். "சாமி, அவளை விட்டுடு. உன் கால்ல விழறேன். விட்டுடு."

தட்டல் நின்றது. மகளின் உடம்பு தளர்ந்தது. எச்சில் விழுங்க ஒரு கணம் நிறுத்தினார். உடனே தட்டல். உடனே அலறல். அதன் பிறகு அவர் நிறுத்தவில்லை. தொண்டை வறண்டது. குரல் கம்மியது. கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

மகள் மெல்லக் கண் திறந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது.

"வலி போயிடுச்சுப்பா," என்றாள். "போதும். நிறுத்துங்க."

அவர் அவளைப் பார்த்தபடியே கெஞ்சினார். மேலே, மிகப் பெரிய ஏதோ ஒன்று நாற்காலியை விட்டு இறங்கி, நிதானமாகத் தரையில் படுத்துக் கன்னத்தை அழுத்தியது. கூரையின் காரை உதிர்ந்து மகளின் தலைமுடியில் விழுந்தது.