அவளுக்கேற்ற ஆப்

வேலைக்குப் பக்கம் என்பதற்காகத்தான் மெக்கானிக்கும் அவர் மனைவியும் அந்தப் பழைய மாடிவீட்டுக்குக் குடிவந்தார்கள். சாமான்களை இறக்கிய கையோடு அவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலில் மனைவிக்குப் பார்வை போனதிலிருந்து அவர் லீவில் இருந்தார். திங்கட்கிழமை பணிமனைக்குப் போயாக வேண்டும். நாள் முழுக்க அவள் தனியாக இருக்க வேண்டும். எதிரில் இருப்பதைக் கேமராவில் பார்த்து வாய்விட்டுச் சொல்லும் ஆப் ஒன்று அகப்பட்டால் போதும்.

தேடினால் வந்ததெல்லாம் வாயில் நுழையாத வார்த்தைகள், நட்சத்திரங்கள், விளம்பரங்கள்.

"எழுதினவனுக்காவது புரிஞ்சிருக்குமா?" என்று பல்லைக் கடித்தார்.

"ஏங்க, திட்டாம படிங்க," என்று அவள் சிரித்தாள்.

ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வெளியே அனுப்பாத மனிதர் அவர். ஆப் விஷயத்திலும் அப்படித்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு, தானே நடந்து பார்த்துவிட்டுத்தான் அவளிடம் தருவார். அன்று மத்தியானமும் ஒன்றைத் தட்டிவிட்டு, துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் போனோடு எழுந்தார்.

ஒரே இருட்டு. ஈரச் சுண்ணாம்பு வாடை. எங்கேயோ குழாய் சொட்டும் சத்தம்.

"வலது பக்கம் ஸ்டூல் இருக்கு," என்றது ஒரு பெண் குரல், மெதுவாக.

விலகினார்.

"குனிங்க. ஜன்னல் கதவு திறந்திருக்கு."

குனிந்தார். அடடா, என்ன பதவிசு! மெஷின் பேசுகிற மாதிரியே இல்லை.

"கிடைச்சிடுச்சும்மா! இதுதான் உனக்கு!" என்று கத்திக்கொண்டே துண்டை அவிழ்த்தார்.

போனைப் பார்த்தால், ஆப் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பாதிகூட வந்திருக்கவில்லை.

மனைவி பக்கம் திரும்பினார்.

"நீயா பேசினே?"

"நான் இல்லீங்க. காலையில என் போன்ல போட்டு வச்சீங்களே, அதுதான். பட்டனே தட்ட வேணாம். நீங்க குளிக்கப் போனப்ப என்னைச் சமையல் ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு."

"நான் எதையும் போடலையே."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப..." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "திங்கட்கிழமையிலேருந்து உன்னை நான் பார்த்துக்கறேன், அவரை நிம்மதியாப் போகச் சொல்லுன்னாங்களே... அது யாரு?"

பாழாய்ப்போன வீடு! இதிலா இவளை விட்டுவிட்டுப் போக இருந்தோம்! செருப்பைக்கூடத் தேடாமல் அவள் வலது கையைப் பற்றினார்.

"எந்திரி. போயிடலாம்."

எழுந்தாள். ஓரடி வைத்தாள்.

நின்றுவிட்டாள்.

"வாம்மா!"

"வரேங்க. நீங்க முதல்ல அந்தக் கையை விடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய இடது கை பின்பக்கமாக, வெறுங்காற்றில் நீண்டு விறைத்திருந்தது. மணிக்கட்டில் விரல்கள் அழுந்துகிற குழிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.