ஒன்பதாம் நம்பர் மலைப் பதுங்குகுழி

படப்பிடிப்புக்காரர்கள் வந்து இறங்கிய அன்று அப்புத்தளைப் பக்கத்தில் மூன்றாவது நாளாக வெயில் இல்லை. இரண்டு வேன்களும் ஒரு லொறியும் தோட்டத்துப் பாதையில் முனகிக்கொண்டே ஏறி, ஒன்பதாம் நம்பர் மலையின் அடியில் நின்றன. தேயிலையைக் கத்தரித்துக் கவ்வாத்து பண்ணிப் பத்து வருஷத்துக்கு மேலான மலை. தேயிலை மரமாக உயர்ந்து நிற்க, இடையில் மானாப்புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது.

தொழிலாளர் லயத்திலிருந்து பதுங்குகுழி வெட்ட ஏழு ஆண்களை எடுத்தார்கள். தேத்தண்ணி ஊற்றவும் பகல் சாப்பாடு சமைக்கவும் ஜெயந்தினியை எடுத்தார்கள். நாற்பத்தைந்து வயது. அண்ணன் தம்பையாவின் வீட்டில் பின்பக்க அறையில், காம்பராவில், இருந்தாள். கேட்டால் மட்டும் பேசுவாள். பேசினாலும் கரகரவென்று உடைந்த குரல்.

கொழும்பிலிருந்து வந்த இயக்குநர் சதீஸ்குமார் அவளிடம் கோப்பையை வாங்கிக்கொண்டே சொன்னான்.

"பேய்ப்படம் அக்கா. சண்டை நடக்குற நேரம் பதுங்குகுழியில மாட்டிக்கிட்ட ஏழு பேரு. ஒவ்வொருத்தரா பேய் எடுக்குது."

"பேய் எதுக்குத் தம்பி அங்க வருது?"

அவன் சிரித்தான். "செத்தவங்கதானே அக்கா. எங்க போவாங்க?"

இரண்டாம் நாள் வெட்டிய குழி மழைக்குச் சரிந்தது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி சரிந்தது. தேத்தண்ணிக் கேத்தலோடு குழி வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜெயந்தினி தன்னையறியாமல் வாய் திறந்தாள்.

"இப்பிடி நேரா வெட்டக்கூடாது. வளைச்சு வளைச்சு வெட்டணும். நேரா வெட்டுனா ஒரு செல்லு விழுந்து வெடிச்சாலே இந்த முனையில இருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் எல்லாரும் போயிருவாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உங்களுக்கு எப்பிடி அக்கா தெரியும்?" என்றான் சதீஸ்குமார்.

"வன்னியில இருந்தேன்."

எண்பத்து மூன்று கலவரத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் மூன்று வயதுப் பிள்ளையான அவளைத் தூக்கிக்கொண்டு வன்னியிலுள்ள கிளிநொச்சிக்குப் போனவர்கள். தம்பையா மட்டும் இங்கேயே மாமா வீட்டில் நின்றுவிட்டான். சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து விட்ட பிறகுதான் அவள் தனி ஆளாக இங்கே திரும்பினாள். பதினாறு வருஷம் ஆகிறது. லயத்தில் யாரும் அதைப்பற்றி அவளிடம் கேட்பதில்லை.

அன்றிலிருந்து குழிவேலை அவள் சொல்லுக்கு நடந்தது. குழியின் கடைசி வளைவில், சனங்கள் ஒளிந்திருக்கும் சின்னப் பங்கர் ஒன்று படத்துக்கு வேண்டியிருந்தது. அதை அவளே வெட்டினாள். குனிந்து நுழையும் அளவுக்கு வாய். உள்ளே இரண்டு பேர் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். மேலே யூக்கலிப்டஸ் கட்டைகள், அதன்மேல் மண்மூட்டைகள். இடதுபக்கச் சுவரில் விளக்கு வைக்க ஒரு பிறை.

முடித்து, மம்பட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள்.

வன்னியில் விட்டு வந்த அதே பங்கர்.

அவள் அளந்து வெட்டவில்லை. கை அளந்திருந்தது.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். மூடுபனி இறங்கி மலையை மூடிக்கொண்டது. ஒலிப்பதிவு செய்யும் றின்ஸா மட்டும், அந்த இடத்தின் அமைதியைப் பதிவு செய்ய வேண்டும் என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குழிக்குள் நின்றாள். சோற்றுப் பார்சல் கொடுக்கப் போன ஜெயந்தினியைக் கண்டதும் அவள் உதட்டில் விரல் வைத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, உள்ள சின்னப் புள்ளை யாராச்சும் இருக்கா?"

"இல்லையே."

"மூச்சுச் சத்தம் கேக்குது. இருமல் வருது, வாயப் பொத்தி அத அடக்குற மாதிரி கேக்குது." றின்ஸாவின் குரல் இன்னும் தாழ்ந்தது. "'அம்மா இன்னும் கூப்பிடேல்ல'ன்னு சொல்லுது அக்கா."

ஜெயந்தினி அப்படியே குழிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோற்றுப் பார்சல் சேற்றில் விழுந்தது.

"எம் மக நிலானி," என்றாள். "ஆறு வயசு. கடைசிச் சண்டையில கடக்கரைப் பங்கர்ல இருந்தோம். அவ அப்பா அதுக்கு முந்தின மாசமே செல்லடியில போயிட்டாரு. ரெண்டு நாளா தண்ணி இல்ல. எடுத்துட்டு வாறேன்னு போனேன். யாரு கூப்புட்டாலும் வெளிய வராத, அம்மா கொரலு கேட்டா மட்டும் வான்னு சொல்லிட்டுப் போனேன்."

"பொறகு?"

"திரும்பி வந்தப்ப அங்க பங்கரே இல்ல. மண்ணு மூடி, எது எம் பங்கருன்னே தெரியல. கையால தோண்டுனேன். சனம் ஓடுது, யாரும் நிக்கல. என்னையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க." சேற்றில் கிடந்த பார்சலை எடுத்துத் துடைத்தாள். "நான் கூப்புடவே இல்ல புள்ள."

றின்ஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் தெரியும், அன்று பின்னேரம் நான்கு மணிக்கு அந்தப் பங்கரை வெடி வைத்துத் தகர்க்கும் காட்சி இருந்தது.

ஜெயந்தினி ஓடிப்போய்ச் சதீஸ்குமாரிடம் கெஞ்சினாள். அவன் கெட்டவன் இல்லை. அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். "செட்டுதானே அக்கா. இன்னைக்கு விட்டா நடிகர் போயிருவாரு. நீங்க வீட்டுக்குப் போய் ஆறுதலா இருங்க."

மூன்றரை மணிக்கு அவள் யாருக்கும் சொல்லாமல் குழிக்குள் இறங்கினாள்.

பனி குழிக்குள்ளும் நிரம்பியிருந்தது. தன் கையே தெரியவில்லை. செம்மண் வாசம் மெல்ல மாறியது. கடல்வாடை. கருகிய வாடை. இந்த மலையிலிருந்து கடல் எவ்வளவு தூரம்.

பங்கர் வாயில் முழங்காலிட்டாள்.

"நிலானி, வாம்மா. அம்மா கூப்புடுறேன்."

ஒன்றும் இல்லை.

"வாம்மா. போதும். வெளிய வா."

உள்ளே மண் உதிர்ந்தது. யாரோ எழுந்திருக்கும் சத்தம். சின்னக் காலடி.

இன்னொரு காலடி.

அதற்குப் பின்னால் இன்னொன்று.

இரண்டு பேருக்கு மேல் இருக்க முடியாத அந்தப் பொந்துக்குள்ளிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் சேலையைப் பிடித்தார்கள், தோளில் உரசினார்கள். ஈரத் தலைகள், ஐஸ் போன்ற விரல்கள். அவள் ஒவ்வொரு தலையாகத் தடவினாள். இது இல்லை. இதுவும் இல்லை. ஒரு பையன் அவள் காதருகே கேட்டான்.

"அன்ரி, எங்கட அம்மா எங்க?"

"வருவாங்க ராசா," என்றாள். வேறு என்ன சொல்ல.

எல்லோரும் அவளைக் கடந்து மேலே போனார்கள். யாரும் வந்து கூப்பிடாத பிள்ளைகள். ஒரு தாய் கூப்பிட்டதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

நிலானி மட்டும் வரவில்லை.

ஜெயந்தினி தவழ்ந்து உள்ளே போனாள். பிறைக்குக் கீழே, மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்ன உடம்பு. கை பட்டதும் அது சுவரோடு ஒடுங்கியது.

"அம்மாடி. நான்தான்."

"இல்லை." வன்னியில் பிறந்த பிள்ளையின் பேச்சு, அப்படியே. "நீங்க எங்கட அம்மா இல்லை. அம்மான்ர குரல் இப்பிடி இல்லை."

முகாம் வேலியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கத்தியதில் போன குரல் அது. பிறகு திரும்பவே இல்லை. ஜெயந்தினி முயன்று பார்த்தாள். பழைய குரலை எங்கிருந்தாவது எடுக்கப் பார்த்தாள். தொண்டையிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது.

"போங்க அன்ரி," பிள்ளை மரியாதையாகக் கிசுகிசுத்தது. "அம்மா வருவா. சத்தம் போடாதீங்க."

"நானும் இங்கயே ஒன்னோட இருக்கேன்."

"அம்மாவுக்கு இடம் வேணும்."

அந்த நேரத்தில்தான் தம்பையா அவள் காலைப் பிடித்தான். தங்கையைக் காணாமல் குழியெல்லாம் தேடி வந்தவன். அவள் கட்டையைப் பிடித்துக்கொண்டு உதறினாள். அவன் விடவில்லை. வெளியே இழுத்து, தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினான். "விடுண்ணே, புள்ள இருக்கா, உள்ள இருக்கா," என்று அவன் முதுகில் அடித்தாள். அவள் குரல் நாலடி தாண்டவில்லை.

ஆள் வெளியே வந்துவிட்டதைப் பார்த்தான் வெடிக்காரன். பாதை சுத்தம் என்று கை காட்டினான்.

றின்ஸா "வேணாம்" என்று ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. பெரிய சத்தமில்லை. கட்டைகள் உள்ளே விழுந்தன. மண் இறங்கி மூடியது.

ஜெயந்தினி அழவில்லை. இறங்கிப்போய்க் கையால் தோண்டத் தொடங்கினாள்.

முதலில் றின்ஸா போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டாள். "நான் கேட்டேன், உள்ள புள்ளை இருக்கு," என்றாள். பிறகு தம்பையா மம்பட்டியோடு வந்தான். பிறகு ராணுவ உடுப்பிலேயே நடிகர்கள், லைட் பிடிப்பவர்கள், வெடிக்காரன், கடைசியாகச் சதீஸ்குமார். வன்னியில் அன்றைக்கு ஒருவர்கூட நிற்கவில்லை. இன்றைக்கு இருபது பேர் நகம் பிய்யத் தோண்டினார்கள்.

மூலை வரை தோண்டினார்கள். செம்மண். வேர். அவ்வளவுதான்.

"போயிட்டா," என்றாள் ஜெயந்தினி. "எங்கிட்ட வரமாட்டேன்னுட்டா."

இரண்டு நாளில் வேன்கள் இறங்கிப் போய்விட்டன. குழியை மூடினார்கள். ஜெயந்தினி வேலைக்குப் போகவில்லை, காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

அந்தக் கிழமை முடிவில் ஒரு நாள், பொழுது சாயும் நேரம். தம்பையாவின் மனைவி விஜயலெட்சுமி சோற்றை இறக்கி வைத்துவிட்டு, வெளியே விளையாடிக்கொண்டிருந்த மகனைக் கூப்பிட்டாள்.

"டேய், இருட்டுது. சாப்புட வா."

மகன் ஓடி வந்து பலகையில் உட்கார்ந்தான். வாசலில் தொங்கிய சீலை அவனுக்குப் பின்னால் ஆடி நின்றது.

மறுபடி விலகியது. யாருமில்லை. விழுந்தது. மறுபடி விலகியது, விழுந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் தலைகுனிந்து நுழைவதுபோல. குளிர்ந்த உப்புக்காற்று அடுப்படி வரை வந்தது. மகன் மெதுவாக நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான், இடம் கொடுப்பவனைப்போல.

ஜெயந்தினி காம்பரா வாசலுக்கு வந்து நின்றாள். சீலை விலகும் ஒவ்வொரு முறையும் கையை நீட்டி, இடுப்பளவு உயரத்தில், வெறும் காற்றைத் தடவினாள். இது இல்லை என்று தலையசைத்தாள். அடுத்ததைத் தடவினாள்.

சீலை கடைசியாக விழுந்து அசையாமல் நின்றது. அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

விஜயலெட்சுமி பானையைத் திறந்து பார்த்தாள். பானையில் நாலு பேருக்குத்தான் சோறு. வெறுந்தரையை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"உக்காருங்க," என்றாள்.

தரையில் பிள்ளைகள் உட்காரும் சத்தம் கேட்டது.