மாதுளை நிறச் சிமிழ்

சிமிழில் தீர்த்தம் மறுபடியும் குறைந்திருந்தது.

இமெல்டா அதை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். மாதுளை முத்தின் நிறத்தில் தடித்த கண்ணாடி. வாயையும் மூடியையும் சுற்றிப் பொன்முலாம் பூசிய பித்தளை விளிம்பு, முன்னால் ஒரு கொக்கி, அடியில் குட்டிக் குட்டிப் பாதங்கள். நேற்று நிரம்ப ஊற்றியது இன்று அரைவாசிகூட இல்லை. கொக்கியோ போட்டபடியே இருந்தது.

கோடையில் இல்-பிசார் தீவில், யாரோ செத்துப்போன வீட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்றபோது வாங்கியது. ஐரோப்பாவில் செய்தது, மிகப் பழையது என்று விற்றவள் சொன்னாள். கொக்கியைச் செம்புக் கம்பியால் இறுகச் சுற்றியிருந்தார்கள். பொன் விளிம்பைக் கண்டதுமே கோயில் பாத்திரம் என்று இமெல்டா முடிவு கட்டிவிட்டாள். கணவன் றெக்ஸ் குறட்டால் கம்பியை வெட்டினான். அவள் தீர்த்தம் ஊற்றி மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். அன்றிலிருந்து மாலைச் செபம் முடிந்ததும் அதில் விரல் தோய்த்துச் சிலுவை போடுவாள். தனக்கு நெற்றி, வாய், நெஞ்சு என்று மூன்று. கைக்குழந்தை ஜென்சிக்கு நெற்றியில் மட்டும் ஒன்று.

வேலையிலிருந்த றெக்ஸுக்குப் போன் எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, தீர்த்தம் திரும்பவும் குறைஞ்சுபோச்சு.”

“ஹீட்டர் குடிச்சிருக்கும். உந்த விசர்க்கதையை விடும். வேலை முடிய வாறன்.”

“மூடி பூட்டியெல்லோ கிடக்கு!”

அவன் வைத்துவிட்டான்.

மார்கழி. பின்னேரத்திலேயே அவர்கள் குடியிருந்த லாசால் பகுதி இருண்டுவிட்டது. வெளியே பனி வழிக்கும் லொறியின் மஞ்சள் விளக்கு சுழன்று சுழன்று சீலிங்கில் விழ, ஹீட்டர் டக் டக்கென்று சத்தமிட, பக்கத்து வீட்டு வெங்காய வாசனை கதவிடுக்கால் புகுந்து வர, இவை எதோடும் சேராத ஒரு வாடை மெல்ல எழுந்தது. கனகாலம் பூட்டிக் கிடந்த அறையின் ஈர வாடை. அது சிமிழிலிருந்துதான் வந்தது.

கொக்கியை நீக்கி விரலை விட்டாள். தீர்த்தம் இளஞ்சூடாக இருந்தது. யாருடைய வாய்க்குள்ளோ விரலை விட்டதுபோல.

விரலை வெடுக்கென்று இழுத்தாள். இதையா இத்தனை நாளும் பிள்ளையின் நெற்றியில் வைத்தேன்? என் விரலாலேயா?

தீர்த்தத்தைக் கண்ட இடத்தில் ஊற்றக் கூடாது என்று தெரியும். ஆனாலும் குசினித் தொட்டியில் கவிழ்த்தாள். கழுவினாள். உள்ளே ஒரு சொட்டு இல்லாமல் துடைத்தாள். அப்பாடா என்றிருந்தது.

அறையில் ஜென்சி வீரிட்டாள்.

ஓடினாள். குழந்தையின் நெற்றியில் ஈரச் சிலுவை. இன்று அவள் போடாத சிலுவை.

வாரி எடுத்தாள். சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தாள். நெற்றி காய்ந்தது.

“அம்மா இருக்கிறன். அம்மா இருக்கிறன், குஞ்சு.”

குழந்தையின் உதட்டின்மேல் ஒரு கோடு விழுந்தது. ஈரமாக. நேராக. பிறகு குறுக்கே இன்னொன்று. அவசரமில்லாமல்.

அழுகை அறுந்தது. வாய் மட்டும் அகலத் திறந்து அழுதுகொண்டே இருந்தது. சத்தமில்லை.

நெற்றி. வாய்.

அவளுடைய இரண்டு கைகளும் பிள்ளையை இறுகப் பிடித்திருந்தன. ஜென்சியின் சட்டையில், நெஞ்சுக்கு நேரே இருந்த பொத்தான் மெல்லக் கழன்றது.