வலது பெட்டியைத் தொட்டது யார்?

கீழ் வீட்டுக் காசியம்மாள் சண்டை போடுவதற்காகத்தான் மாடி ஏறினாள்.

காலை ஐந்தே முக்கால். வாசல் தெளிக்க எடுத்த வாளியை அப்படியே போட்டுவிட்டு, செங்கம் ரோட்டு வீட்டின் குறுகலான படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். நேற்று சாயங்காலம் ஆரம்பித்த நாதஸ்வரக் கேசட், தானாகவே திரும்பித் திரும்பி விடிந்தும் ஓடிக் கொண்டிருந்தது. தவில் அவள் தலைமாட்டிலேயே இடித்தது. ஒரு ராத்திரித் தூக்கம் போச்சு. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்...

கதவு திறந்தே கிடந்தது.

"யோவ் சக்கரபாணி..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்தினாள்.

சக்கரபாணி ஹாலின் நடுவில் குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தம்... மூன்று கிலோ இருக்கும்.

எதிரே, சுவரோரம் இரண்டு மரப் பெட்டிகள். இடுப்பு உயர ஸ்பீக்கர்கள். அவற்றிலிருந்துதான் தவில் இடித்துக் கொண்டிருந்தது.

காசியம்மாள் போட்ட அலறலில், எதிர் டீக்கடையில் நின்றவன் கிளாஸை நழுவ விட்டான்.

இன்ஸ்பெக்டர் இராமலிங்கத்துக்கு அன்று கொலையை விசாரிக்க நேரமே இல்லை.

மறுநாள் பௌர்ணமி. மலை சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும். பந்தோபஸ்து மொத்தமும் அவர் தலையில். ஆகவே மத்தியானத்துக்குள் ஓர் ஆளைப் பிடித்து, கோர்ட்டில் நிறுத்தி, ஜீப்பைத் திருப்பிக் கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவருடைய திட்டம்.

ஆள் எட்டரை மணிக்கே கிடைத்துவிட்டாள்.

எழிலரசி. வயது முப்பத்தொன்று. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வேங்கிக்காலில், வீட்டு முன்னறையிலேயே பழைய ஸ்பீக்கர்களை ரிப்பேர் செய்பவள். 1995-ல் இந்த ஊரில் அந்த வேலையைச் செய்த ஒரே பெண் அவள்தான். அதனாலேயே பாதி ஊருக்கு அவளைப் பிடிக்காது.

செத்தவனை மட்டும் யாருக்குப் பிடித்தது? ஆசிரமத்துப் பக்கம் வருஷக்கணக்கில் தங்கிவிட்டு ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களிடம் சாமான்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி விற்பவன் சக்கரபாணி. எதிராளிக்கு எது உறுத்துமோ அதைத் தேடிப் பிடித்துச் சொல்வது அவனுடைய பொழுதுபோக்கு. அவன் செத்ததற்கு அந்தத் தெருவில் ஒருவரும் அழவில்லை.

அந்த இரண்டு பெட்டிகளும் இங்கிலாந்தில் செய்தவை. இருபது வருஷப் பழசு. காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் மக்கி, தொட்டால் உதிர்ந்தது. எழிலரசி ஒன்றரை மாதம் உட்கார்ந்து, கூம்பைக் கழற்றி, புது வளையம் ஒட்டி, உள்ளே ஒயர்களை மறுபடி சோல்டர் செய்து, நேற்று மத்தியானம் கொண்டு வந்து இறக்கினாள். அவளே ஒயர் மாட்டினாள்.

போட்டுக் கேட்பதற்குள் சண்டை வந்துவிட்டது.

பொம்பளை ரிப்பேர் செய்ததென்று சொன்னால் எவன் வாங்குவான், தேரடித் தெரு கண்ணாயிரம் செய்ததாகச் சொல்லித்தான் விற்கப் போகிறேன் என்று சக்கரபாணி சிரித்திருக்கிறான். எழிலரசி நடுத்தெருவில் நின்று, உன் மண்டையை உடைக்காமல் விட மாட்டேன் என்று கத்தியிருக்கிறாள். தெருவே கேட்டிருக்கிறது.

இன்றைக்கு மண்டை உடைந்து கிடக்கிறது.

போதாக்குறைக்கு ஒரு சாட்சி. அதே கண்ணாயிரம். முப்பது வருஷமாக ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர். நேற்று ஏழு மணிக்கு எதிர் டீக்கடையில் நின்றபோது, எழிலரசி மாடியிலிருந்து அவசரமாக இறங்கிப் போனதைப் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். தான் அந்த மாடிக்குப் போயே ஆறு மாசமாகிறது, அந்தப் பெட்டிகளைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்த நேரத்தில் வேங்கிக்காலில் வேலை பார்த்துக் கொண்டிருந்ததாக எழிலரசி சொன்னாள். பார்த்தது யார் என்று இராமலிங்கம் கேட்டார். யாருமில்லை.

அவளை மாடிக்கே கூட்டி வந்து நிறுத்தினார். பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். ரத்தக் கறை அங்கேயே இருந்தது.

"எப்படி அடிச்சே, எங்க நின்னு அடிச்சே... சொல்லிட்டேன்னா ஒரு மணிக்குக் கோர்ட்டு. சாயந்தரம் வேலூர் ஜெயிலு. உனக்கும் சிரமம் கம்மி, எனக்கும் கம்மி."

"நான் அடிக்கல சார்."

"எல்லாரும் முதல்ல இதான் சொல்வாங்க."

பயத்தை இவர் முன்னால் காட்டக் கூடாது என்று எழிலரசி பல்லைக் கடித்தாள். பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தான் ரிப்பேர் செய்த பெட்டிகளைப் பார்த்தாள். வலது பெட்டி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அதன் பின்பக்கம்...

சட்டென்று குனிந்தாள்.

"ஏய், எதையும் தொடாத," என்று கான்ஸ்டபிள் சடையன் பாய்ந்தான்.

"தொடல. சார், நேத்து நான் சிவப்பு ஒயரைச் சிவப்பு முனையிலதான் மாட்டினேன். இப்ப சிவப்பு ஒயரு கறுப்புல இருக்குது. எவனோ மாத்தியிருக்கான்."

இராமலிங்கம் கொட்டாவி விட்டார்.

வாசலில் நின்ற காசியம்மாளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நேற்று ராத்திரி பூராவும் தான் பட்ட பாட்டை மூன்றாவது தடவையாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆறரை மணிக்குக் கேசட் போட்டபோது நாதஸ்வரம் மட்டும்தான் கேட்டதாம். அது தேவலாம் என்று இருந்தாளாம்.

"ஏழு மணிக்கு மேல இன்னா பண்ணானோ தெரியல ஐயா... அஞ்சு நிமிசம் நின்னுச்சி. அப்புறம் தவிலு தொம் தொம்முனு இடிக்குது. பாத்திரமெல்லாம் ஆடுது."

எழிலரசியின் முகம் மாறியது.

கேசட்டைப் போட அனுமதி கேட்டாள். ஒரு நிமிஷம் கேட்டாள். தவில் வயிற்றில் இறங்கியது. அவள் உதட்டைக் கடித்துக் கொண்டாள். பிறகு சடையனின் டார்ச்சிலிருந்து ஒரு பாட்டரி செல்லை வாங்கி, ஒயர்களைக் கழற்றி, முன்பக்கத் துணியை எடுத்து, செல்லை ஒரு துண்டு ஒயரால் இடது பெட்டியின் முனைகளில் வைத்தாள். கூம்பு வெளியே துள்ளியது. வலது பெட்டியில் வைத்தாள். கூம்பு உள்ளே போயிற்று.

"ரெண்டும் ஒண்ணா வெளிய தள்ளணும் சார். ஒண்ணு தள்றப்ப இன்னொண்ணு இழுத்தா தவிலு சத்தம் அடிபட்டுப் போயிடும். வலது பெட்டிக்குள்ள ஒயரு தலைகீழா இருக்குது. அதனாலதான் முதல்ல தவிலே கேக்கல. கொலை பண்ணவன் வெளிய ஒயரை மாத்தி, அதைச் சரி பண்ணிட்டுப் போயிருக்கான்."

"உள்ள தலைகீழா மாட்டினது யாரு?"

"நான்தான்," என்றவள் ஒரு வினாடி நிறுத்தினாள். "வேணும்னே மாட்டினேன். என் பேரைச் சொல்லாம விக்கப் போறான்னு முன்னாடியே காதுல விழுந்துச்சி."

"அப்ப சரி பண்ணவளும் நீதான். நீயே சொல்லிட்டே. சடையா, ஜீப்பை எடு."

"சார்..." அவள் சடையனுக்கு முன்னால் போய் நின்றாள். "பத்து நிமிசம் குடுங்க. கண்ணாயிரத்தை இங்க கூப்பிடுங்க. இந்த ஊர்ல இந்த வேலை தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குத்தான். நான் ஒண்ணுமே பேசல. ஒயரை நேத்து நான் மாட்டின மாதிரியே மாட்டிடறேன், சத்தத்தைக் கேட்டு, குறையைச் சரி பண்ணச் சொல்லுங்க. இதைக் கேட்டா ஒயரு மாறியிருக்குன்னு அவரு சொல்லிடுவாரு. ஆனா எந்தப் பெட்டியில மாறியிருக்குன்னு காதால கேட்டு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. துணியைக் கழட்டி, செல்லு வெச்சுப் பாத்தாதான் தெரியும்."

இராமலிங்கம் மணி பார்த்தார். பதினொன்று. பத்து நிமிஷம் கொடுத்தார்.

எழிலரசி துணியை மாட்டினாள். சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டினாள். பார்ப்பவன் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு.

கண்ணாயிரம் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. எழிலரசியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். இந்த அம்மாள் செய்த வேலை எப்படி என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் கேஸுக்கு உதவும் என்று இராமலிங்கம் பவ்யமாகக் கேட்டுக் கொண்டார்.

கேசட் ஓடியது. நாதஸ்வரம் பாடியது. தவில், பக்கத்துத் தெருவில் யாரோ தகரத்தைத் தட்டுவதைப் போலக் கேட்டது.

கண்ணாயிரத்தின் தாடை இறுகியது. அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"இதெல்லாம் ஒரு வேலையா சார்? தவிலோட தொப்பிப் பக்கத்து தொம்மு எங்க போச்சு? தலைகீழா மாட்டி வெச்சிருக்கா."

"சரி பண்ண முடியுமாண்ணே?" என்றார் இராமலிங்கம்.

"பத்து செகண்ட் வேலை."

எழுந்தார். இடது பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு ஹாலைக் கடந்து, பீரோ இடுக்கில் கையை நுழைத்து, வலது பெட்டியின் பின்னால் இருந்த ஒயர்களைக் கழற்றி மாற்றினார்.

தவில் இடித்தது. கீழே காசியம்மாள் வீட்டில் ஏதோ உருண்டது.

"சிவப்பு ஒயரைக் கறுப்புல மாட்டறீங்க... தப்பில்ல?" இராமலிங்கத்தின் குரல் இப்போது பவ்யமாக இல்லை.

"இந்தப் பெட்டிக்குள்ள அவ மாத்தி சோல்டர் பண்ணியிருக்கா சார். அதான் வெளிய திருப்பி மாட்டணும். அது பக்கா," என்று இடது பெட்டியைக் காட்டினார்.

"உள்ள மாறியிருக்கறது இந்தப் பெட்டிதான்னு எப்படித் தெரியும்? நீங்க இதைக் கண்ணாலகூடப் பாத்ததில்லையே. எழுதிக் குடுத்திருக்கீங்க."

கண்ணாயிரத்துக்கு விபூதிக்கு மேலே வியர்த்தது.

தப்பிக்க வழி இருந்தது. ஏதோ ஊகம் சார், ரெண்டில் ஒன்றுதானே என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். எந்தக் கோர்ட்டும் அதற்கு மேல் கேட்டிருக்காது. அதைச் சொல்லத்தான் அவரும் நாக்கைத் திருப்பினார்...

எழிலரசி முந்திக் கொண்டாள்.

"விடுங்க சார். குருட்டாம்போக்குல கை வெச்சாரு, பட்டுடுச்சி. அவருக்குக் காது போயி நாலு வருசமாச்சு. அதனாலதான் சக்கரபாணி இந்த ஜோடியை அவரை நம்பிக் குடுக்காம என்கிட்ட குடுத்தான். பாவம், வயசாயிடுச்சி."

கண்ணாயிரத்தின் கண்கள் சிவந்தன.

"யாருக்குடி காது போச்சு? குருட்டாம்போக்கா? செல்லு வெச்சுப் பாத்தேண்டி... ரெண்டு பெட்டியையும் துணியைக் கழட்டி, செல்லு வெச்சுப் பாத்துட்டுதான் மாத்தினேன்..."



சடையன் கேசட்டை நிறுத்தினான்.

அப்புறம் ஒளிக்க எதுவும் இல்லை. கண்ணாயிரம் சோபாவில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார். சக்கரபாணிதான் நேற்று ஆறரை மணிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேசட்டைப் போட்டானாம். முப்பது வருஷம் நீ கிழித்ததைவிட அந்தப் பொண்ணு பிரமாதமாகச் செய்துவிட்டாள், இனிமேல் வேலையெல்லாம் அவளுக்குத்தான் என்றானாம்.

"தலைகீழா ஓடுது, நல்லா கேளுடான்னேன். பொறாமைல பேசறேன்னு சிரிச்சான். அவ வேலை நல்லாயிருந்து அவன் அப்படிச் சொல்லியிருந்தா, மனசாரச் சொல்றேன், எழுந்து போயிருப்பேன் சார். தவிலே கேக்காத பெட்டியைக் காட்டி என்னைச் சிரிச்சான். கையில காந்தம் கெடைச்சிது."

"அதுக்கப்புறம் ஒயரை ஏன் மாத்தினே?"

"தப்பா ஓடிட்டிருந்துச்சே சார். எப்படி விட்டுட்டுப் போறது?"

இராமலிங்கம் முப்பது வருஷ சர்வீஸில் பல கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறார். பிணத்தைத் தாண்டிப் போய் ரிப்பேர் பார்த்தவனை இப்போதுதான் பார்க்கிறார்.

சடையன் விலங்கு மாட்டிக் கூட்டிப் போனான். வாசலில் கண்ணாயிரம் திரும்பி எழிலரசியைப் பார்த்த பார்வையில் இருந்தது வெறுப்பு மட்டும்தான். அவளும் கண்ணை எடுக்காமல் திருப்பிப் பார்த்தாள். அவள் மேல் கொலைப்பழி போட்ட மனிதர் அவர். இரக்கப்பட அவளுக்கு மனமில்லை.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் போகலாம் என்றார் இராமலிங்கம். நாலடி போனவளை மறுபடி கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. வேணும்னேதான் மாத்தி மாட்டினியா?"

எழிலரசி படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். கண்ணாயிரம் இல்லை. தலையைக் குனிந்து கொண்டாள்.

"இல்ல சார். தப்பு பண்ணிட்டேன். எங்கிட்ட இருக்கற ஆம்ப்ளிபயர்ல ஒரு பக்கம்தான் வேலை செய்யுது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியா ஓட்டிப் பாத்தேன். ஜோடியா ஓட்டல. இன்னிக்கு இங்க வந்துதான் எனக்கே தெரிஞ்சுது."

"கொலைக் கேசு கழுத்துல தொங்குது. அப்பகூட வேணும்னே பண்ணேன்னு பொய் சொல்றே. வேலைல தப்பு பண்ணேன்னு ஒத்துக்க மாட்டே."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கம்மா. அந்த ஒயரை நீ ஒழுங்கா மாட்டியிருந்தா, சக்கரபாணி இந்நேரம் உசிரோட உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பான்."

எழிலரசி நிமிர்ந்தாள். இதுவரை அது அவளுக்குத் தோன்றவே இல்லை. காலடியில் இருந்த ரத்தக் கறையைப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் வாயை மூடிக் கொண்டாள்.

இராமலிங்கத்துக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தொப்பியை எடுத்து மாட்டிக் கொண்டு, பேச்சை மாற்றினார். தன் வீட்டில் பழைய வால்வு ரேடியோ ஒன்று கரகரவென்று கிடக்கிறது என்றார்.

எழிலரசி கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

"குடுத்தனுப்புங்க சார். சுத்தமா பண்ணித் தரேன்."

"வேணாம்மா," என்று படியிறங்கினார் இராமலிங்கம். "கண்ணாயிரம் ஜாமீன்ல வர்ற வரைக்கும் அது அப்படியே கரகரன்னு பாடட்டும்."